மணிக்கூடு இல்லாத கார்

என் கணவர் இறந்து இருபத்துமூன்றாம் நாள் நான் ஒரு கலியாணத்துக்குக் கார் ஓட்டிப் போனேன். மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டுதான். சாவு நடந்த வீட்டுக்கு எங்கள் வழக்கத்தில் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியம் நடக்கும் வீட்டுப் படி மிதிப்பதில்லை. வேறு எவளாவது இப்படிச் செய்தாள் என்று கேள்விப்பட்டிருந்தால் நானே நாலு பேருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த பெரிய கார் அது. நீளம் ஐந்து மீற்றருக்கும் மேல். பின்பக்கத்தில் இரண்டு சிறகுகள் இரு புறமும் விரிந்து நிற்கும். அந்தக் காலத்தில் அந்த நாட்டுக் கம்பெனிகளுக்குச் சிறகுப் பைத்தியம் பிடித்திருந்ததாம். ஒருத்தன் ஒரு சாண் வைத்தால் அடுத்தவன் ஒன்றரைச் சாண் வைத்தான். எதற்குச் சிறகு என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. றோட்டில் பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் காரைச் செய்த கம்பெனி அந்த வருடம் ஒரே உடம்பில் மூன்று தட்டு செய்து விற்றது. மேல்தட்டுக் காருக்குப் பக்கவாட்டில் நீளமான வெள்ளிப் பட்டை, மினுங்கும் இருக்கைத் துணி, பின்னால் அலங்காரம், முன்பலகையில் நேரம் பார்க்க மணிக்கூடு. நடுத்தட்டுக்கு அதில் பாதி. கீழ்த்தட்டுக்கு அதுவும் இல்லை. டாக்சிக்காரரும் பொலிசும் அரசாங்கக் கந்தோர்களும் வாங்கினது அந்தக் கீழ்த்தட்டைத்தான். எங்களுடையதும் அதுதான். மணிக்கூடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டத் தகட்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

இதில் எனக்குச் சிரிப்பு என்னவென்றால், என் கணவர் குரோம் பூசுகிறவர். டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பைப்புகளுக்குக் குரோம் பூசும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றவர். "இந்த நாட்டில பாதிச் சனம் முகம் கழுவுறது நான் மினுக்கின பைப்பிலதான்" என்று விருந்தாளிகளுக்குச் சொல்லுவார். அப்படிப்பட்ட மனுசன் அமெரிக்கக் கார் வாங்கப் போய், மினுக்கமே இல்லாத காரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் சிரித்த சிரிப்பு மேல்வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கும். அவர் கோபிக்கவில்லை. சிறகைத் தடவிக்கொண்டு, "இஞ்சாரும், மூண்டு தட்டுக்கும் ஒரே சிறகுதான். பட்டையைக் கழட்டி வைச்சா ஆர் மேல, ஆர் கீழ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். பிறகு அதையே காரைப் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் சொன்னார். நானும் ஒவ்வொரு முறையும் கண்ணை உருட்டினேன்.

காரை எங்களுக்கு விற்றவர் டார்ம்ஸ்டாட் பக்கத்தில் ஒரு ஜெர்மன் அம்மா. அங்கே முகாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் ஊர் திரும்பும்போது விட்டுப்போன காரை அவருடைய கணவர் வாங்கி வைத்திருந்தாராம். கணவர் இறந்து அப்போது ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, ஆறு கிழமைதான். அந்த அம்மா கறுப்புச் சட்டையோடு தானே காரைப் பின்னுக்கு எடுத்து, எங்களை ஏற்றி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நான் பின் இருக்கையில் இருந்து அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். "மனுசன் போய் ஆறு கிழமை, எப்பிடி இவவுக்கு மனம் வருது?" என்று என் கணவரிடம் தமிழில் கேட்டேன். "சும்மா இரும்" என்றார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் அடங்கவில்லை. சிறகு வெளியே நின்றது. ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டிலில் பாதி இடம் பிடித்து, உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் விட்டோம். ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரைதான் அதற்கு இலக்கத்தகடு செல்லும். மழை பெய்தால் அவர் எடுக்கமாட்டார். மற்றப்படி சனிக்கிழமைகளில் எங்கள் சனத்தின் கலியாணங்களுக்குப் பெண் ஏற்றிக்கொண்டு போவார். ஒருவர் சொல்லி ஒருவராக நாடு முழுக்கப் பரவி, அவர் பெயர் "கார் அண்ணை" என்றே ஆகிவிட்டது. சில இடங்களில் மணிக்கூட்டுத் தகட்டைப் பார்த்து, "இது மேல்தட்டு இல்லையோ அண்ணை?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். அவர் உடனே சிறகுக் கதையைத் தொடங்குவார்.

ஓட்டம் என்று பார்த்தால் என்னைவிட அவர் மட்டம். நான் ஒரு மருந்துக்கடைக்கு வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிறவள். நாள் முழுக்கக் கார்தான். இந்தக் காருக்குக் கியர்த்தடி ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். அவர் அதைக் கெஞ்சிக் கெஞ்சிப் போடுவார், நான் ஒரு தட்டில் போடுவேன். ஆனால் எஞ்சினின் மனம் அவருக்குத்தான் தெரியும். வெயில் நாளில் மெதுவாக ஓடினால் பெற்றோல் குழாய் சூடாகி உள்ளே பெற்றோல் ஆவியாகிவிடும், கார் நின்றுவிடும். அதற்காக உடுப்புக் காயப்போடும் மரக்கவ்விகளைக் குழாய் நெடுகக் கவ்வி வைத்திருந்தார். என் கொடியில் ஏழு கவ்வி காணாமல் போனது எப்படி என்று பொனற்றைத் திறந்தபோதுதான் கண்டுபிடித்தேன். அதற்கும் மிஞ்சி நின்றால் ஈரத்துணி சுற்ற வேண்டும், பத்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருக்கிறதுதான் உமக்கு ஏலாது என்பார்.

இந்த வருடம் யூலைக் கடைசியில் இருதயம் அவரைப் படுக்கையில் போட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ஏழாம் நாள் பின்னேரம் மூச்சை எடுத்து எடுத்துச் சொன்னார்.

"ஓகஸ்டில அந்தப் பிள்ளையின்ர கலியாணம் கிடக்கு. றைன் ஆத்துக்கு அங்கால. போன வருசமே ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"நீங்கள் எழும்பி வாங்கோ, போவம்."

"நான் எழும்பாட்டி நீர் ஓடும். கார் போகவேணும். கலியாண வீட்டை ஏமாத்தக்கூடாது."

நான் ஓம் என்றேன். படுக்கையில் கிடக்கிறவரோடு வாதாட முடியுமா? அவர் போனபிறகு அந்த ஓம் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எங்கள் மகள் டிரெஸ்டனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஓடி வந்தாள், எல்லாம் அவள்தான் செய்தாள். எரிக்கிற இடத்தில் டெர்மின் எடுத்து நாள் குறித்தது, கடிதங்கள் எழுதியது, இணையத்தில் மரண அறிவித்தல் போட்டது. எங்கள் சனம் காலையில் தேத்தண்ணி குடிக்கமுதல் பார்க்கிற பக்கம் அது. படம் தேர்ந்தெடுத்துவிட்டு, "பாருங்கோ அம்மா, இது நல்லாயிருக்கே?" என்று கேட்டாள். ஏலாது, நீயே போடு என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் முகத்தை அந்தக் கறுப்புச் சட்டத்துக்குள் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கலியாணத்துக்குப் போகப்போகிறேன் என்றபோது மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அம்மா, வர ஏலாது எண்டு எழுதி விடுங்கோ. ஆரும் கோவிக்கமாட்டினம்."

"அப்பா சொன்னவர்."

"அப்பா மருந்து மயக்கத்தில சொன்னவர்."

"உன்ர அப்பா மயக்கத்திலயும் பொய் சொல்லுறேல்லை."

அவளுக்குத் துடக்கில் நம்பிக்கை கிடையாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். நான் களைத்துப்போவேன் என்பதுதான் அவள் கவலை. என் கவலை வேறு. அவர் கடைசியாகக் கேட்டதைச் செய்யாவிட்டால் நான் மிச்சக் காலம் முழுக்க அதைச் சுமக்க வேண்டும். செய்தால், ஒரு பெண்பிள்ளை வாழத் தொடங்குகிற நாளில் அவள் முன்னால் போய் நிற்கப்போவது நான். துடக்கை நான் நம்பவில்லை என்று சொன்னால் பொய். முழுக்க நம்பினேன் என்றாலும் பொய். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒன்று நடந்தால் ஊர் என்னைச் சொல்லுமோ இல்லையோ, நானே என்னைச் சொல்லுவேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கலியாணக்காரருக்குச் சாவு தெரியாது என்றுதான் கணக்குப் போட்டேன். அவர்கள் வேறு ஊர், வேறு கோயில். அறிவித்தலில் போட்டது பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர், அவர்களுக்கு அவர் வெறும் கார் அண்ணை. தெரிந்திருந்தால் துக்கம் விசாரிக்க வந்திருப்பார்கள், இல்லாவிட்டால் போனாவது எடுத்திருப்பார்கள். ஒருத்தரும் வரவில்லை. கலியாணத்துக்கு நாலு நாள் இருக்க, அவருடைய போனுக்குப் பெண்ணின் தாயிடம் இருந்து ஒரு செய்தி வந்தது. "வணக்கம். சனிக்கிழமை கார் வருந்தானே? ஏலாட்டிப் பிரச்சினை இல்லை." நான் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஓம், வரும்" என்று எழுதினேன். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று பயந்து சொல்லாமல் விட்டேன்.

சனிக்கிழமை காலையில் தலைக்கு முழுகிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். பொட்டை எடு என்று இந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐயர்கூடச் சொல்லவில்லை. நானேதான் வைக்காமல் விட்டேன். நீலக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டேன். பார்க்கிறவர்கள் சாரதிக்கு எதற்குப் பொட்டு என்று நினைத்துக்கொள்ளட்டும். வழக்கமாகக் கார் வெளிக்கிடும்போது அவர் நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்துவிட்டுத்தான் எடுப்பார். நானும் பழம் வாங்கி வைத்திருந்தேன். கொட்டிலில் நின்று பழத்தைக் கையில் உருட்டினேன். துடக்குக்காரி வைத்த பழம் என்ன காவல் காக்கும் என்று தோன்றியது. அப்படியே பைக்குள் போட்டுவிட்டேன். விவசாயியின் மனைவி வந்து என் தோளைத் தட்டி, நல்லாய் ஓடிப் போய் வா என்று சொன்னார்.

பெண் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அடுக்குமாடி வீட்டு வாசலில் இரண்டு வாழை. நான் காரைவிட்டு இறங்கவில்லை. பெண்ணின் தகப்பன் வந்து, "வாங்கோ அக்கா, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடியுங்கோ" என்றார். வேண்டாம் என்றேன். மாலை கட்ட வந்த பெடியள் சிறகில் பூவைச் சுற்றினார்கள். கார் அண்ணை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன், ஊருக்குப் போயிருக்கிறார் என்று. கேட்காதது பெரிய நிம்மதியாக இருந்தது.

பெண் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிற பிள்ளை. அவளும் தோழியும் பின்னால் ஏறினார்கள். மண்டபம் இருபது நிமிட ஓட்டம். பதினொன்றேகாலுக்குள் பெண் மண்டபத்துக்குள் போக வேண்டும். பாதி வழியில் புகையிரதக் கடவை மூடியிருந்தது. வெயில் கொளுத்தியது. ஒரு சாமான் வண்டி போனது, பிறகு இன்னொன்று. கடவை திறந்தபோது எஞ்சின் இருமியது, இரண்டு தரம் குலுங்கியது, நின்றது.

பெற்றோல் ஆவியானதுதான் காரணம் என்று என் மூளைக்குத் தெரியும். ஆனால் மனம் உடனே சொன்னது, உன்னால்தான் நின்றது என்று. நல்ல நாளில், நல்ல நேரத்தில், பாதி வழியில் பெண்ணின் வாகனம் நிற்பது எங்கள் சனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோழி போனை எடுத்து யாருக்கோ அடிக்கத் தொடங்கினாள். நேரம் என்ன என்று என்னையறியாமல் முன்பலகையைப் பார்த்தேன். அங்கே வட்டத் தகடுதான் இருந்தது.

இறங்கிப் பொனற்றைத் திறந்தேன். கவ்விகள் ஏழும் இடத்தில் இருந்தன. முன் பெட்டியைத் திறந்து துணி தேடினேன். அவர் வீட்டில் உடுத்த பழைய சாரத்தின் கிழிசல் ஒன்று மடித்து வைத்திருந்தது. சிறகு துடைக்க அவர் வைத்திருப்பது. அதை எடுத்ததும் அழுகை வந்துவிட்டது. பொனற் மறைத்ததால் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திராது. தண்ணீருக்கு என்ன செய்வது என்று நிமிர்ந்தால், பெண் தன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி றோட்டில் நிற்கிறாள். கையில் தண்ணீர்ப் போத்தல்.

"இந்தாங்கோ அன்ட்டி. முழுக்க ஊத்துங்கோ."

"நீ ஏன் பிள்ளை இறங்கினாய்? ஏறு, ஏறு."

"பரவாயில்லை. எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிசம்."

"அப்ப பத்து நிமிசம் நிப்பம்" என்றாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பேசுகிற குரல் அது. நான் சாரத்தை நனைத்துக் குழாயில் சுற்றினேன். அவள் நகைகளோடும் மாலையோடும் என் பக்கத்திலேயே நின்றாள். எங்களைத் தாண்டிப் போன வாகனங்கள் எல்லாம் ஹோர்ன் அடித்து வாழ்த்திக்கொண்டு போயின. நான் பத்து நிமிடமும் வாயைத் திறக்கவில்லை. அவருக்குச் சொல்லிக் காட்ட வேண்டும் போல இருந்தது.

சாவியைத் திருப்பின முதல் தரத்திலேயே கார் பிடித்தது. மண்டபத்தை அடைந்தபோது நேரம் பிந்தியிருந்தது, ஆனால் முகூர்த்தத்துக்குப் பிந்தவில்லை. கார் ரயர்க் கடை ஒன்றுக்குப் பக்கத்தில், தொழிற்பேட்டைக்குள் இருந்த மண்டபம். வாசலில் சனம் திரண்டு நின்றது. காரைத் தள்ளி நிறுத்தி, இறங்கி, பெண்ணின் கதவைத் திறந்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தேன். சிறகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் என் வேலை முடிந்தது.

அப்போது பெண்ணின் தாய் ஆராத்தித் தட்டோடு நேரே என்னிடம் வந்தார். ஆராத்தி எடுக்க இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் சுமங்கலிகளாக இருக்க வேண்டும். வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்ர தங்கச்சி ஒரு பக்கம் பிடிப்பா. மற்றப் பக்கம் நீங்கள் பிடியுங்கோ."

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. பிடித்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது துரோகம் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

"எஞ்சின் கொதிக்குது தங்கச்சி. விட்டிட்டு வர ஏலாது."

"ஒரு நிமிசம்தானே அக்கா."

"ஏலாது. நீங்கள் வேற ஆரையும் கூப்பிடுங்கோ."

அவர் உடனே போகவில்லை. தட்டைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி அக்கா" என்று திரும்பிப் போய் வேறு ஒரு பெண்ணின் கையைத் தட்டில் பிடிக்க வைத்தார். நான் காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டேன். எஞ்சின் அப்போது கொதிக்கவே இல்லை.

தாலி கட்டும்போது கெட்டிமேளம் சுவரைத் தாண்டிக் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சனத்தின் வழக்கங்களின் மேல், பொட்டின் மேல், தட்டின் மேல், மனுசனைப் பறிகொடுத்தவளை மூலையில் உட்கார வைக்கிற எல்லாவற்றின் மேலும். முப்பத்தைந்து வருடமாக இந்த நாட்டில் இருக்கிறோம், இன்னும் இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்களே என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பின்னேரம் மாப்பிள்ளையையும் பெண்ணையும் அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு வெறும் காரோடு திரும்பினேன். சிறகில் சுற்றின பூ வழி நெடுக உதிர்ந்துகொண்டே வந்தது.

முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடிந்தன. மூன்று நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, வாசல் மணி அடித்தது. பெண்ணின் தாய் நின்றார். தனியாக, ரயிலில் வந்திருந்தார்.

பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை சுகமே?" என்றேன், வாசலிலேயே.

"அவள் நல்லாயிருக்கிறாள் அக்கா. நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான்."

உள்ளே வந்து, அவருடைய படத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி வைத்தேன். அவர் குவளையைத் தொடவில்லை.

"அண்ணை செத்தது எங்களுக்கு அண்டைக்கே தெரியும். அறிவித்தல் பாத்தனாங்கள். உடன ஓடி வந்திருக்கவேணும். கலியாண வீடு, செத்த வீட்டுக்குப் போய்ப்போட்டு வந்தால் மாப்பிள்ளை பக்கம் கதைக்கும் எண்டு வராமல் விட்டனாங்கள். அது பிழை."

"தெரியுமோ?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்கும் தெரியும். அதாலதான் ஒருத்தரும் அண்ணையைக் கேக்கேல்லை. உங்களை நோகடிக்கக்கூடாது எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சனான். நீங்கள் வர ஏலாது எண்டு எழுதியிருந்தா விட்டிருப்பம். நீங்கள் வாறன் எண்டீங்கள்."

"அப்ப ஆராத்தி?"

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"என்ர கலியாணத்துக்கு ஆறு மாசத்துக்கு முதல் எங்கட அப்பா செத்துப்போனார். அம்மா குசினிக்குள்ள, அடுப்படியில இருந்தவ. நான் பெத்த பிள்ளை, நான் வெளியில வரக்கூடாதோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை. தாலி கட்டேக்க அவவுக்கு மேளச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். எனக்கு இண்டைக்கும் அது ஆறேல்லை. உங்களை அப்பிடி வெளியில நிப்பாட்ட எனக்கு மனமில்லை அக்கா. என்ர மாமியாரோட ரண்டு நாள் சண்டை பிடிச்சு, அவவின்ர வாயை அடைச்சுப்போட்டுத்தான் தட்டைக் கொண்டு வந்தனான்."

நான் என் இரண்டு கையையும் பார்த்தேன்.

"தட்டை நீட்டினது நான். கையைக் கட்டினது நீங்கள்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அவர் அழுதார். நானும் அழுதேன்.

போகும்போது வாசலில் நின்று, "போட்டு வாறன் அக்கா" என்றார். சாவு வீட்டில் இருந்து கிளம்புகிறவர்கள் வாறன் என்று சொல்வதில்லை. இந்த ஒரு மாதமாக எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லாமல்தான் போனார்கள்.

அவர் போனபிறகு மகளுக்குப் போன் எடுத்து அறிவித்தலை அனுப்பச் சொன்னேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். படத்தில் அவர் சாரத்துணியால் சிறகைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார், சிரிக்கிறார். அவருக்குப் பின்னால் காருக்குள், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, யாரையோ ஏசிக்கொண்டு நான் இருக்கிறேன். பொட்டோடு இருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்த ஒருவருக்கும் அந்தச் சாரதி யார் என்று சந்தேகம் வந்திருக்க வழியில்லை. நான்தான் நீலக் காற்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனதாக நினைத்திருந்தேன்.

கொட்டிலுக்குப் போனேன். சிறகில் வாடின பூ நார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, முன் இருக்கையில் இருந்தேன். மண்டபத்து வாசலில் எவ்வளவு திட்டினேன், வழக்கத்தை, சனத்தை, ஊரை. அன்றைக்கு அங்கே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான். டார்ம்ஸ்டாட் அம்மாவின் கழுத்து ஞாபகம் வந்தது. கார் ஓட்ட எப்படி மனம் வருகிறது என்று கேட்டவளும் நான்தானே. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அவர் இல்லையே என்றிருந்தது. இதை நான் போய்ச் சொன்னால், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்திருப்பார்.

செப்டம்பர் நடுவில் அவருடைய போன் அடித்தது. ஒரு தாயின் குரல், தெரியாத ஆள். மாதக் கடைசியில் மகளுக்குக் கலியாணம், சிறகு வைத்த கார் வேணும், கார் அண்ணை நிக்கிறாரோ என்று கேட்டார்.

"அவர் என்ர மனுசன். செத்து இன்னும் ரண்டு மாசம் ஆகேல்லை" என்றேன். "கார் நிக்குது. ஓடுறது நான்தான். வந்தனெண்டால் காருக்குள்ள இருக்கமாட்டன், மண்டபத்துக்குள்ள வருவன். ஆராத்திக்கு ஆள் காணாட்டி அதுக்கும் நிப்பன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. முன்பென்றால் நானே, பரவாயில்லை, வேற இடம் பாருங்கோ என்று சொல்லி வைத்திருப்பேன். இந்தமுறை போனைக் காதில் வைத்தபடி காத்துக்கொண்டு நின்றேன்.